இரண்டாவது டம்ளர்

அம்சவேணி கறிவேப்பிலை வாங்கத்தான் தெருமுனைக்குப் போனாள். திருப்பதி அலிபிரி சாலையில் தமிழரசு கடை பெஞ்சில் தன் கணவர் ஜெயபிரகாஷ் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் கறிவேப்பிலை மறந்துபோயிற்று. கையில் ஆவி பறக்கும் கண்ணாடி கிளாஸ். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் உறிஞ்சினார். உறிஞ்சிவிட்டு, மலையைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

வீட்டில் காபி குடித்துவிட்டு, "காலார நடந்துட்டு வரேன்" என்று கிளம்பிய மனுஷர். குடித்த டம்ளரின் சூடுகூட இன்னும் ஆறியிருக்காது. கால் எதுவரை நடந்திருக்கிறது என்பது இப்போது தெரிந்துவிட்டது.

வேறு வீடாக இருந்தால் இது ஒரு விஷயமே இல்லை. ரிடையர் ஆன மனுஷர், பேச்சுத்துணைக்குக் கடைப்பக்கம் போகிறார் என்று விட்டுவிடலாம். ஆனால் அம்சவேணிக்குக் கல்யாணம் ஆனதே காபியால்தான்.

அவளுடைய நைனா, அதாவது அப்பா, நகரி பஜாரில் காபிக்கொட்டை வறுத்து அரைத்து விற்றவர். அவர் வீட்டுக் காபிக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் நாகலாபுரத்திலிருந்து ஒரு விவசாயக் குடும்பம் பெண் பார்க்க வந்தது. அம்சவேணி தலையைக் குனிந்தபடியே வந்து, காபியை வைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடியே உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளைப் பையன் அந்தக் காபியை ஒரே மூச்சில் குடித்து முடித்தான். பஜ்ஜியையே ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும் அந்தச் சபையில், கூச்சமே இல்லாமல், "இன்னொரு டம்ளர் கெடைக்குங்களா?" என்று கேட்டான்.

நைனா தொடையைத் தட்டி, "பையனுக்கு நாக்கு இருக்குதுப்பா" என்றார். சம்பந்தம் அங்கேயே முடிந்தது. இரண்டாவது டம்ளரைக் கொண்டுவரும்போதுதான், இப்படிக் கேட்ட ஆள் யார் என்று அம்சவேணியும் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள்.

அதன் பிறகு சொந்தத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் இந்தக் கதை ஒருமுறை சொல்லப்படும். அம்சவேணி ஒன்றும் தெரியாதவள்போல் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, முழுக்கதையையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பாள். படிப்பில் அவள் சுமார், பாட்டில் அதைவிடச் சுமார். அந்த இரண்டாவது டம்ளர்தான் அவள் வாங்கிய ஒரே மெடல். அதை வாங்கித்தந்த மனுஷர் இப்போது போயும் போயும் டீக்கடைக் காபியைக் கண்ணை மூடி ரசிக்கிறார்.

மதியம் சாப்பாடு போடும்போது மெதுவாகக் கேட்டாள். "தமிழரசு கடைல இன்னாங்க வேல ஒங்களுக்கு?"

ஜெயபிரகாஷ் ரசத்தைச் சோற்றோடு பிசைந்தார். "ஊரிகே, சும்மாதான் போனேன். பேசிக்கினு இருந்தோம்."

"எங்காபி இப்பல்லாம் நல்லா இல்லியா?"

"அய்ய, யாரு சொன்னது? நல்லாத்தான் இருக்குது."

முப்பது வருஷமாக அவர் சொல்லிவரும் அதே வார்த்தைதான். இன்றைக்கு அதில் ருசி இல்லாததுபோல் இருந்தது.

அவர் தூங்கப் போனதும் அம்சவேணி நைனா சீதனமாகக் கொடுத்த பித்தளை ஃபில்டரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அடி நசுங்கியிருந்தது. துளைகளில் பாதி அடைத்திருந்தன. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தப்பு தன் கையில் இல்லை, ஃபில்டரில் இருக்கிறது. புதிதாக ஒன்று வாங்கினால் தீர்ந்தது.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் நந்திதாவுக்கு போன் போட்டாள். நந்திதா, ஒரு செருப்பு வாங்குவதென்றால்கூட நானூறு பேர் எழுதிய விமர்சனத்தைப் படிக்கிற பெண். சொட்டுச் சொட்டாக இறக்குவது, அடுப்பில் வைப்பது, அமுக்கிப் பிழிவது, ஆவியில் பீய்ச்சுவது என்று காபி மெஷினில் இருக்கும் ஜாதிகளையெல்லாம் விளக்கினாள்.

"மொதல்ல இத்த சொல்லும்மா. டெய்லி யூஸுக்கா, கெஸ்ட் வந்தா மட்டுமா?"

"ஒங்க நைனா வூட்டோட இருக்கறதுக்கு."

அப்படி ஒரு வகை எந்தப் பட்டியலிலும் இல்லை என்று நந்திதா சிரித்தாள். அம்சவேணி சிரிக்கவில்லை.

மறுநாளே பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருந்த ஒரு பெரிய வீட்டுச்சாமான் கடைக்குப் போனாள். கிரண்குமார் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பையன், "ரோஜூ வாடடானிகா மேடம்?" என்று தெலுங்கில் கேட்டான். ஆமாம், தினமும் புழங்கத்தான் என்றாள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டான். இரண்டு பேர் என்று சொல்லியும், கண்ணாடி ஜாடி வைத்த ஒரு கரண்ட் மெஷினைக் காட்டி, இதைவிடச் சின்னது வாங்கினால் பின்னால் வருத்தப்படுவீர்கள் என்றான். வருத்தப்பட அம்சவேணிக்கு இனி இடமில்லை. வாங்கிவிட்டாள்.

மெஷின் நன்றாகத்தான் வேலை செய்தது. அதுதான் சிக்கலாயிற்று. ஜாடியில் பாதிக்குக் கீழே தண்ணீர் ஊற்றினால் அது முனகும். பாதி ஜாடி டிகாக்‌ஷன் என்றால் நாலு டம்ளர் காபி. அரைத்த தூளின் டிகாக்‌ஷனைக் கீழே கொட்டுவது நகரி நைனா வீட்டில் கேள்விப்படாத பாவம். தனக்கு ஒன்று போக, ஜெயபிரகாஷுக்குக் காலையில் இரண்டு, பதினோரு மணிக்கு ஒன்று என்று ஏற்பாடாயிற்று.

அவர் மறுபேச்சில்லாமல் எல்லாவற்றையும் குடித்தார். காலையில் இரண்டு டம்ளர் முடிந்ததும் காலார நடக்கப் போனார். பதினோரு மணி டம்ளர் முடிந்ததும் மறுபடியும் காலார நடக்கப் போனார். அதுவரை ஒரு வேளை நடந்த கால், மெஷின் வந்ததும் இரண்டு வேளை நடந்தது.

ஒருநாள் காலையில், தண்ணீர் இறங்க ஆரம்பித்ததுமே கரண்ட் போய்விட்டது. ஜாடியின் அடியில் ஒரு கரண்டி அளவுக்குத்தான் டிகாக்‌ஷன் இருந்தது. வேறு வழியில்லாமல் அதைப் பாலில் கலந்து, சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். பாலின் நிறம்கூட மாறவில்லை. ஜெயபிரகாஷ் குடித்தார். முகம் மலர்ந்தது.

"இன்னிக்கிதான் அம்சா, பதம் சரியா வந்துக்குது" என்றார். அன்றைக்கு அவர் நடக்கவும் போகவில்லை, வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

கிண்டல் செய்கிறார் என்று அம்சவேணி முடிவுகட்டினாள். நல்ல காபி கொடுத்தபோதெல்லாம் நல்லாத்தான் இருக்குது என்பதற்குமேல் வாயைத் திறக்காத மனுஷர், வெறும் பாலைக் கொடுத்ததும் பாராட்டினால் வேறு என்ன அர்த்தம்? அன்று முழுக்க அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சாயங்காலமாக அவளுக்கே ஒரு உண்மை பிடிபட்டதுபோல் இருந்தது. தண்ணியாக இருக்கிறது என்றுதான் குத்திக்காட்டுகிறார். இவருக்கு வேண்டியது கெட்டிக் காபி.

மறுபடியும் கிரண்குமார் கடை. இந்த முறை அடுப்பில் வைக்கிற, இடுப்பு சிறுத்த அலுமினியக் கூஜா ஒன்றைக் காட்டினான். கீழே தண்ணீர், நடுவில் தூள், கொதித்தால் டிகாக்‌ஷன் மேலே ஏறிவந்துவிடும், இதைவிடக் கெட்டியாகப் போட ஆளே இல்லை என்றான். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவன் சொல்ல மறந்தான். மூடி இறுகிய பாத்திரத்தை அடுப்பில் வைத்தால் விசில் வரும் என்று காத்திருப்பதுதானே நம் வழக்கம். அம்சவேணியும் மூன்று விசிலுக்குக் காத்திருந்தாள். அந்தக் கூஜாவுக்கு விசிலே கிடையாது. காத்திருந்து காத்திருந்து திறந்தபோது, உள்ளே ரோடு போடுகிற தார் மாதிரி ஒன்று இருந்தது.

அதிலும் பால் கலந்து கொடுத்தாள். ஜெயபிரகாஷ் ஒரு வாய் குடித்ததும் கண்ணில் நீர் நின்றது. ஆனாலும் டம்ளரைக் காலி செய்துதான் கீழே வைத்தார்.

"எப்பிடி இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது" என்றார், குரல் கொஞ்சம் பிசிறடித்தது. செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு நடக்கப் போய்விட்டார். அன்றைக்கு அவர் திரும்பிவர வெகுநேரம் ஆயிற்று.

பாத்திரம் துலக்க வரும் யமுனா, வழியில் அவரைப் பார்த்ததாகச் சொன்னாள். "சாரு தமிழரசு கடைல ஒண்ணு முட்ச்சிட்டு ரெண்டாவது வாங்கிக் குட்ச்சிக்கினு இருந்தாருக்கா."

இரண்டாவது. அம்சவேணிக்கு அந்த ஒரு சொல் நெஞ்சில் தைத்தது. இரண்டாவது டம்ளர் கேட்பது தன் காபிக்கு மட்டுமே உள்ள மரியாதை என்று அவள் நம்பியிருந்தாள்.

விஷயம் பெங்களூருக்குப் போயிற்று. நந்திதா இந்தமுறை விமர்சனம்கூடப் படிக்காமல், அம்மாவின் பிறந்தநாள் பெயரைச் சொல்லி, பெரிய மெஷினாக ஒன்றை அனுப்பிவிட்டாள். அட்டைப் பெட்டியை இரண்டு பேர் தூக்கிவந்தார்கள். பளபளவென்று அது சமையல் மேடையில் பாதியை எடுத்துக்கொண்டது. மிக்ஸி தரைக்கு வந்தது. மாவு டப்பாக்கள் பூஜை அலமாரிக்கு வந்தன. பூஜை அலமாரியில் இருந்த பெருமாளைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்ல வேண்டியதாயிற்று.

அதன் பக்கவாட்டில் பாலை நுரைக்க ஆவி வரும் குழாய் ஒன்று இருந்தது. முதல்நாள் அதைத் திருப்பியதும் பால் சீறிக் கிளம்பி, சுவரிலிருந்த காலண்டருக்கு அபிஷேகம் செய்தது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ருக்மணி ஓடிவந்தாள். வந்தவளுக்கு ஒரு காபி. அவள் போய்ச் சொல்ல, எதிர்வீட்டார் வந்தார்கள். அவர்களுக்கும் காபி. நாலே நாளில் அம்சவேணி வீட்டுக் காபி தெருவின் பேச்சாயிற்று. குடித்தவர்களெல்லாம் இந்த ருசியை எங்கேயும் பார்த்ததில்லை என்றார்கள். யமுனா பாத்திரம் துலக்குவதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று கேட்டு வாங்கிக் குடித்தாள்.

ஜெயபிரகாஷ் மட்டும் நல்லாத்தான் இருக்குது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்சவேணி ஒரு பரீட்சையே வைத்தாள். மெஷினில் இருந்த நாலு பொத்தான்களையும் அமுக்கி, நாலு டம்ளர் காபியை அவர் எதிரில் வரிசையாக வைத்து, எது ஒசத்தி என்று சொல்லச் சொன்னாள். மனுஷர் ஒவ்வொன்றையும் மருந்து குடிக்கிற பிள்ளை மாதிரி விழுங்கினார். கொஞ்சம் யோசித்து, மூணாவது என்றார். அவள் உள்ளே போய், மறுபடியும் நாலும் போட்டு, டம்ளர்களை இடம் மாற்றிக் கொண்டுவந்தாள். அப்போதும் மூணாவது என்றார். அந்த இடத்தில் இப்போது இருந்தது, கொஞ்சம் முன்னால் கடைசியாக வைத்திருந்த வேறு காபி.

"பொய் சொல்றீங்க" என்றாள்.

"கோயிலாண்ட போய்ட்டு வந்துட்றேன்" என்று எழுந்துவிட்டார் ஜெயபிரகாஷ். திருப்பதியில் குடியிருப்பவன் கோயிலுக்குப் போகிறேன் என்று சொன்னால் யாரும் தடுக்க முடியாது. ஆனால் அவர் போனது எந்தக் கோயில் என்பது மொட்டை மாடியில் ஏறி நின்றாலே தெரிந்தது. அந்தக் கோயிலில் பெஞ்சு போட்டிருக்கும், பாய்லரில் புகை வரும்.

கடைசியாக ஒரு வழி தோன்றியது. கெட்ட வழிதான், ஆனாலும் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. மறுநாள் விடிந்ததும் யமுனாவிடம் ஃபிளாஸ்க்கைக் கொடுத்து, தமிழரசு கடையிலிருந்தே காபி வாங்கிவரச் சொன்னாள். யாருக்கென்று சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கினாள். வந்த காபியை வீட்டு டம்ளரில் ஊற்றி, கொஞ்சம் நுரை கட்டி, ஒன்றும் நடக்காததுபோல் அவர் முன்னால் வைத்தாள்.

இதற்குமேல் அந்த மனுஷருக்கு என்ன வேண்டும்? அவர் தேடிப்போகிற காபி அவரைத் தேடி வந்திருக்கிறது.

ஜெயபிரகாஷ் குடித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நல்லாத்தான் இருக்குது என்றார். துண்டைத் தோளில் போட்டார். "காலார நடந்துட்டு..."

அம்சவேணி கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். இதுவரை ஃபில்டர் மேல், தூள் மேல், கரண்ட் மேல், கிரண்குமார் மேல் பழியைப் போட்டாயிற்று. இப்போது பழி போட யாருமில்லை. அதே காபி கடையில் இனிக்கிறது, இங்கே கசக்கிறது என்றால், கசப்பது காபி இல்லை. அவள்தான்.

சமையலறையில் பளபளத்துக்கொண்டிருந்த மெஷினைப் பார்த்தாள். அதன் தகட்டில் அவள் முகம் பூசணிக்காய் மாதிரி தெரிந்தது. அழுகை வந்தது. முப்பது வருஷமாகச் சமைத்தது, துவைத்தது, சண்டை போட்டது, சமாதானமானது எல்லாம் ஒரு டம்ளர் காபி மேல் நின்றுகொண்டிருந்ததா என்று நினைக்க நினைக்கத் தாளவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டாள். கோபம் வந்தது. அழுகையைவிட அது எவ்வளவோ தேவலை என்று தோன்றியது. தலையைக்கூட வாராமல் தெருவில் இறங்கினாள்.

தமிழரசு கடையில் மலைக்கு நடந்துபோகிற கூட்டம் கொஞ்சம் நின்றிருந்தது. பெஞ்சின் ஓரத்தில் ஜெயபிரகாஷ், கையில் கிளாஸ், முகத்தில் அதே சிரிப்பு. அவளைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. எழுந்திருக்கப் பார்த்தார்.

"ஒக்காருங்க" என்றாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் ஒரு கடை பெஞ்சில் சேர்ந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"தமிழரசு, சாருக்கு தெனம் இன்னா காபி போட்றியோ, அத்தியே எனக்கும் ஒண்ணு போடுப்பா. அதுல அப்பிடி இன்னாதான் இருக்குதுன்னு நானும் பாக்கறேன்."

ஜெயபிரகாஷ் அவளுக்குப் பின்னால் தலையை ஆட்டினார், கண்ணை உருட்டினார், துண்டைக்கூட அசைத்துப் பார்த்தார். தமிழரசு பாய்லரின் ஆவிக்குள் தலையை விட்டிருந்ததால் ஒன்றையும் பார்க்கவில்லை.

"சாருக்கு காபியா?" என்றான் அங்கிருந்தே. "சாரு இங்க காபி குட்ச்சதே இல்லியேம்மா. டீ தான குடிப்பாரு."

அம்சவேணி கணவர் கையிலிருந்த கிளாஸைப் பிடுங்கி மோந்து பார்த்தாள். இஞ்சி வாசனை. ஒரு வாய் குடித்தும் பார்த்தாள். சந்தேகமே இல்லாத டீ.

அந்தப் பாதி ஜாடி டிகாக்‌ஷன், அந்தத் தார், ஞாயிற்றுக்கிழமை நாலும் நாலும் எட்டு டம்ளர், எல்லாம் ஒவ்வொன்றாக அவள் கண் முன்னால் வந்தன. ஒன்றைக்கூட அவர் மிச்சம் வைத்ததில்லை.

"காபி புடிக்காதா ஒங்களுக்கு?"

"எனக்கு அது ஆவாது அம்சா. சின்ன வயசுலருந்து கூழு குட்ச்ச வாயி. காபி உள்ள போனாலே நெஞ்செல்லாம் எரியும்." தப்பு செய்த பையன்போல் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அத்த எறக்கறதுக்குத்தான் இங்க வரது."

"முப்பது வருஷமா ஒரு வார்த்த சொல்லல நீங்க."

"ஒங்க நைனா எல்லார் எதுர்லயும் தொடையத் தட்டிட்டாரு. ஒங்க ஜனமெல்லாம் கல்யாணத்துக்குக் கல்யாணம் அத்தியே சொல்லிக்கினு இருக்குது. நீயும் ஒவ்வொரு தபாவும் பூரிச்சிப் போயி கேட்டுக்கினு இருக்கற. நான் எங்கேந்து சொல்றது?"

அம்சவேணிக்குச் சிரிப்பு வருகிறதா அழுகை வருகிறதா என்று புரியவில்லை. ஒன்று மட்டும் உறுத்தியது. அந்த மெடல். அதை அவள் அவ்வளவு லேசில் விட்டுவிடத் தயாராக இல்லை.

"காபியே ஆவாதுன்றீங்க. அப்ப அன்னிக்கி எங்க வூட்டுல எதுக்கு ரெண்டாவது டம்ளர் கேட்டீங்க?"

 அறுபதைத் தாண்டிய அந்த மனுஷர் காதுவரைக்கும் சிவந்துபோய், மலை இன்றைக்குத்தான் முளைத்ததுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தமிழரசு அவளுக்கும் ஒரு டீயைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தான்.

"மொத தபா தலய குனிஞ்சிக்கினே வந்து, தலய குனிஞ்சிக்கினே உள்ள போய்ட்டீங்களாமே. ரெண்டாவது டம்ளர் கேட்டாதானம்மா நீங்க மறுக்கா வெளிய வருவீங்க."